ஸ்பெயின்காரருக்கு முதுகு காட்டி நிண்ட காலம்

ஓவியக்கூடத்தில காவல் நிக்கிற வேலைக்கு ஒரேயொரு விதிதான்: படத்துக்கு முதுகைக் காட்டு, சனத்துக்கு முகத்தைக் காட்டு.

கடையிலயும் ஃபாக்ரறியிலயும் பாங்க் வாசலிலயும் நாள் முழுக்க நிண்டு குதிக்கால் வெடிச்ச என்ர சகோதரங்களே, உங்களுக்கு இதை நான் பெரிசா விளங்கப்படுத்தத் தேவையில்லை. பேக்கரியில நிக்கிறவைக்குப் பணிஸ் ருசிக்காது. கலியாண மண்டபத்தில பந்திக்குப் பரிமாறுறவை வீட்டை வந்துதான் பழஞ்சோறு தின்னுவினம். நானும் அந்தச் சாதிதான். உலகமே வரிசையில நிண்டு பாக்கிற ஓவியங்களுக்குக் கை எட்டுற தூரத்தில நாள் முழுக்க நிண்டுபோட்டு, அதில என்ன கீறியிருக்கு எண்டு ஆரும் கேட்டால் முழிக்கிற ஆள்.

போன குளிர்காலம் ஸ்பெயின் தேசத்துப் பெரிய ஓவியர் ஒருவரின்ர படங்கள் ரொறன்ரோவுக்கு வந்து, எங்கட கூடத்தில மாசக்கணக்கில தொங்கினது. ஆள் செத்து நூற்றாண்டுக்கணக்கு. அவரின்ர பெயரை நான் இஞ்ச சொல்லப்போறதில்லை. அந்தப் பெயரை நான் எப்பிடிச் சொன்னாலும், அப்பிடியில்லை இப்பிடி எண்டு திருத்துறதுக்கு ஒருத்தர் வந்து நிப்பார். திருத்தினவரைத் திருத்த இன்னொருத்தர் வருவார். அதால எங்களுக்குள்ள அவர் வெறும் ஸ்பெயின்காரர்.

இனி இவரைப் பற்றியும் சொல்லவேணும். இவர் எண்டால் என்ர மனுசன். பிறம்ரனில ஒரு கொம்பனிக்கு நெடுந்தூர ரக், அதுதான் பெரிய லொறி, ஓடினவர். வின்னிப்பெக், வான்கூவர் எல்லாம் இவருக்கு அடுத்த ஒழுங்கை. பேந்து நெஞ்சு வருத்தம் வந்து, ஒப்பரேசன் முடிஞ்சு, ரக் ஓடுற லைசென்சும் போச்சு. டொக்ரர் ஆள் சுகம் எண்டு சொல்லிப்போட்டார். நடக்கச் சொன்னவர், நாலு மனுசரோட கதைக்கச் சொன்னவர், உப்பைக் குறைக்கச் சொன்னவர். உப்பு என்ர கையில இருந்தபடியால் அது மட்டும்தான் நடந்தது. சுகமாகி முதல் முதல் மில்லிக்கன் பிளாசாவுக்கு மரக்கறி வாங்கப் போன அண்டைக்கு, கண்டவை எல்லாரும் “அண்ணை, இப்ப என்ன செய்யிறியள்?” எண்டு கேட்டிருக்கினம். கேட்டவையில பிழையில்லை. எங்கட சனம் வணக்கத்துக்குப் பதிலாக் கேக்கிற கேள்வி அது. ஆனால் இவருக்கு அது தையல் போட்ட இடத்திலயே குத்திப்போட்டுது. கத்தரிக்காயும் வாங்காமல் திரும்பி வந்து சோபாவில இருந்தவர்தான். அதுக்குப் பிறகு டொக்ரரிட்டைப் போறதைத் தவிர வாசல்படி தாண்டேல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை எண்டு சொல்லிப் பாத்தன். பேசிப் பாத்தன். அழுதும் பாத்தன். மனுசன் அசையேல்லை. ரீவி ஓடும், ஆனால் இவர் அதைப் பாக்கமாட்டார், அந்தப் பக்கம் முகத்தை வைச்சுக்கொண்டிருப்பார். எனக்குச் சரியான பயம் பிடிச்சிட்டுது. அதால மனசுக்குள்ள ஒரு நேர்த்திக்கடன் வைச்சன். ஸ்பெயின்காரரின்ர படங்கள் திரும்பப் பெட்டிக்குள்ள போறதுக்கு முதல், இவரை அஜக்ஸில இருக்கிற எங்கட வீட்டில இருந்து கிளப்பி, ரெயின் ஏத்தி, என்ர கூடத்துக்குள்ள கொண்டந்து நிப்பாட்டுறது. வேலை செய்யிறவையின்ர வீட்டாக்களுக்குத் தாற இலவச ரிக்கற்றை ஃபிரிட்ஜ் கதவில ஒட்டினன். ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்கு ஒரு கதை கொண்டுபோனன். கீழ வாறதெல்லாம் அப்பிடிக் கொண்டுபோன கதைகள்தான்.

எல்லாரும் கேக்கிற கேள்வி

கண்காட்சி துவங்க முதல் எங்களுக்கு வகுப்பு நடந்தது. ஸ்பெயின்காரர் எங்க பிறந்தவர், ஆரிட்டைப் பழகினவர், எந்த ராசாவுக்குப் படம் கீறினவர் எண்டு எல்லாம் சொல்லித் தந்தினம். சனம் கேட்டால் பதில் சொல்லவேணுமாம். ரெயினில போகேக்கையும் வரேக்கையும் பாடமாக்கினன். பள்ளிக்கூடத்தில இவ்வளவு படிச்சிருந்தால் நான் இப்ப டொக்ரர்.

முதல் நாள், கழுத்தில சால்வை சுத்தின ஒரு பெரிய மனுசன் ராசாவின்ர படத்துக்கு முன்னால நாடியில கையை வைச்சுக்கொண்டு நெடுநேரம் நிண்டார். பேந்து மெல்லமா என்னட்டை வந்தார். நான் நிமிந்து நிண்டன். பிறந்த ஊர் நுனி நாக்கில நிக்குது. அவர் கேட்டது கழிவறைக்கு வழி. காட்டிவிட்டன். திரும்பி வரேக்க அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வெளியில பனி கொட்டிக்கொண்டிருந்த நாள் அது. என்ர கையைப் பிடிச்சுக் குலுக்காத குறையாச் சொன்னார்: “உங்கட ஓவியர் அற்புதம். ஆனால் அங்க குழாயில தண்ணி சுடச்சுட வருது பாருங்கோ, அது அதைவிட அற்புதம்.”

மீன்

நான் வழக்கமா நிக்கிற கூடத்தில ஒரு பெரிய படம் இருந்தது. ஒரு அடுப்படி. ஒரு மனுசி. அவவுக்கு முன்னால பலகையில ஒரு மீன், அதை ஒரு கையால பிடிச்சிருக்கிறா. எனக்கு அவ்வளவுதான் தெரியும், ஏனெண்டால் அந்தப் படத்துக்கு முன்னாலதான் கூட்டம் கூடும், கூட்டம் கூடுற இடத்தில நான் கண்ணிமைக்கக்கூடாது. கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது எண்டு சொல்லுவினம். எனக்கு அந்த மீனைப் பாத்து ஒரு ஆசையும் வரேல்லை.

ஒரு சனிக்கிழமை கல்முனைப் பக்கத்து முஸ்லிம் தம்பதி ஒண்டு வந்தது. அவருக்கு இஞ்ச சொந்தமா மீன் கடை இருக்காம். படத்தைக் கண்டதும் மனுசன் கையைப் பின்னால கட்டிக்கொண்டு, சந்தையில நிக்கிற மாதிரிக் குனிஞ்சார். “விளைமீன்” எண்டார். மனைவி “பாரை” எண்டா. அவர் “செட்டையைப் பாரு” எண்டார். அவ “வாலைப் பாருங்க” எண்டா. அவர் செவுளை நல்லாப் பாக்க வேணுமெண்டு மூக்கைக் கொண்டுபோய் படத்துக்குக் கிட்ட நீட்ட, அலாம் கீயெண்டு கத்திச்சுது. நான் ஓடிப்போய் நடுவில நிண்டு, ரெண்டு பேரையும் பின்னுக்குத் தள்ளி விட்டன். அவர் என்னைப் பாத்து, நீங்களே சொல்லுங்க, என்ன மீன் எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது எண்டு சொன்னன். மனைவி சால்வையைச் சரிசெய்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டா: “காலம் பூரா மீன் யாவாரம் செய்யிறார், எங்கட ஊட்டுக்கு ஒரு நல்ல மீன் வந்ததில்ல. இதைப் பாத்தாவது வயிறு நிறையட்டும் எண்டுதான் கூட்டி வந்த நான்.”

இந்தக் கதையை அண்டைக்கு வீட்டில சொல்ல, இவர் ரீவியின்ர சத்தத்தைக் குறைச்சார். திருகோணமலைக் கடற்கரையில வளந்த மனுசன், மீன் எண்டால் விடுவாரோ? “என்ன மீன் எண்டு நீர் பாக்கேல்லையோ?” எண்டார். சமைக்கிற சாட்டில குசினிக்குள்ள போய், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிண்டன். தூண்டிலில முதல் இழுவை.

மாதாவும் சப்பாத்தும்

ஸ்பெயின்காரர் கீறின மாதா படம் ஒண்டும் வந்திருந்தது. குழந்தையை மடியில வைச்சபடி, சிவப்பு உடுப்பு. அதுக்கு எண்டு தனி அறை, மங்கல் வெளிச்சம். ஒருநாள் விடிய ஒரு தேவாலயத்தில இருந்து எங்கட அன்ரிமார் கூட்டமா வந்தினம். முன்னுக்கு வந்த அன்ரி அறை வாசலில மாதாவைக் கண்டா. அவ்வளவுதான். குனிஞ்சு தன்ர பனிச் சப்பாத்து ரெண்டையும் கழட்டி, சுவரோரமாச் சோடி சேத்து வைச்சுப்போட்டு, காலுறையோட உள்ள போனா. பின்னால வந்த அன்ரிமார் எல்லாரும் அதைப் பாத்துக் கழட்டிச்சினம். நான் அடுத்த அறையில ஒரு மனுசனோட மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டதில கவனிக்கேல்லை.

திரும்பிப் பாத்தால், அட கடவுளே! வாசலில சப்பாத்து மலை. அன்ரிமாருக்குப் பின்னால வந்த வெள்ளைக்காரர் எல்லாரும், வீட்டுக்குள்ள போகேக்க கழட்டுற சனம்தானே, இதுதான் இந்த அறையின்ர சட்டம் எண்டு நினைச்சுக் கழட்டிப்போட்டு நிக்கினம். கோட் சூட் போட்ட ஒருத்தர் ஓட்டைக் காலுறையை மறைக்க ஒரு காலுக்கு மேல மற்றக் காலை வைச்சுக்கொண்டு மாதாவைப் பாக்கிறார். எங்கட சூப்பர்வைசர் கிளாரா பிலிப்பைன்ஸ் நாட்டுப் பொம்பிளை, கோவக்காரி. நெருப்பெடுத்தால் சனம் எப்பிடி ஓடும், ஆர் இதுக்கு உத்தரவு தந்தது எண்டு வந்து துள்ளினா. நான் முதல் கழட்டின அன்ரியைக் காட்டினன். அன்ரி செபமாலையை உருட்டினபடியே, கிளாராவை இல்லை, என்னைத்தான் பாத்துச் சொன்னா: “பிள்ளை, நான் ஒருத்தரையும் கழட்டச் சொல்லேல்லை. அவ இருக்கிற அறையில சப்பாத்தோட நிக்க உங்களுக்கு எப்பிடி மனம் வருது எண்டுதான் நான் யோசிக்கிறன்.” கிளாரா தன்ர காலை ஒருக்காப் பாத்தா. பேந்து சத்தம்போடாமல் வெளியில போயிட்டா.

இதைக் கேட்டு இவர் சிரிச்சார். ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரிச்சு நான் கேட்டது அண்டைக்குத்தான். எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில ரிக்கற்றை எடுத்து முன்னால நீட்டினன். உடன முகத்தைத் திருப்பிப்போட்டார். அவசரக்குடுக்கை நான்.

நசீமுக்குக் கிடைச்ச பாராட்டு

பக்கத்துக் கூடத்தில காவல் நிக்கிறது நசீம். புத்தளத்துக்காரர், என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவார். அவரின்ர கூடத்தில ஒரு ராசாவின்ர படம் இருக்கு. தான் எந்தப் பக்கம் போனாலும் ராசா தன்னையே பாக்கிறாராம். அதால நசீம் விடிய வந்ததும் ராசாவுக்கு ஒரு சலாம் வைச்சுப்போட்டுத்தான் டியூட்டி துவங்குவார்.

நசீம் நிண்டால் சிலை மாதிரி நிண்ட இடம்தான், இமைகூட ஆடாது. ஒருநாள் பிரேக்குக்கு என்னட்டை ஓடி வந்தார். கிழவி ஒருத்தி சுவரில இருந்த விவர அட்டையை வாசிச்சுப்போட்டு, நசீமைச் சுத்திச் சுத்திப் பாத்து, கிட்ட வந்து மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்பவும் பாத்திட்டுப் போனாவாம். நசீமுக்குக் கோவமில்லை, கண் கலங்கிப்போய் நிக்கிறார்: “அக்கா, ‘என்ன உயிர்க்களை’ எண்டு சொல்லிட்டுப் போறா. என்ர கலியாணத்திலகூட ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்ல.”

கலியாணச் சோடி

எங்கட பிள்ளையளுக்கு இப்ப கலியாணத்துக்கு முன்னால ஒரு படமெடுப்பு, பின்னால ஒரு படமெடுப்பு. நயாகராவில எடுத்தாச்சு, வயல் தேடிப்போய் எடுத்தாச்சு, இனி மிச்சம் எங்கட கூடம்தான். இரவல் வந்த ஓவியங்கள் இருக்கிற அறையில படமெடுக்கத் தடை. அது தெரிஞ்சும் ஒரு சோடி வந்தது. பொம்பிளை நீட்டுக் கோட்டைக் கழட்டினால் உள்ள காஞ்சிபுரம் பட்டு. மாப்பிளையின்ர கோட்டுக்குள்ள வேட்டி. படம்பிடிக்கிற தம்பி முதுகுப் பையில இருந்து ஒரு குடையையும் ஒரு பெரிய லைற்றையும் எடுத்து விரிச்சார். கண்மூடித் திறக்கிறதுக்குள்ள அடுப்படி மனுசிக்கு முன்னால கலியாணம்.

நான் போய் ஏலாது எண்டன். பொம்பிளை கையெடுத்துக் கும்பிட்டு, “அன்ரி, ஜஸ்ற் ரூ மினிற்ஸ், ப்ளீஸ் அன்ரி, நீங்கள் சோ ஸ்வீற்” எண்டா. அதுகளின்ர முகத்தைப் பாக்க எனக்கு மனம் இளகினது உண்மை. ஆனால் கிளாரா கண்டால் என்ர வேலை போகும். குடையை மடக்கச் சொன்னன். படம்பிடிக்கிற தம்பி அசையேல்லை. எங்கட சனத்தில படம்பிடிக்கிறவருக்குத்தான் ஐயரைவிட அதிகாரம், தெரியும்தானே? ஒரு கண்ணைச் சுருக்கிப் பாத்துப்போட்டு, எனக்கே உத்தரவு போட்டார்: “அன்ரி, நீங்கள் நில்லுங்கோ, பரவாயில்லை. அந்தப் பெயின்ரிங்கை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் நகத்துங்கோ, லைற் தெறிக்குது.”

மற்றக் கை

இனி வாறது வேற மாதிரி. கண்காட்சி முடியிற காலம் நெருங்கிட்டுது. ஒரு பின்னேரம் சோறும் மீன் சொதியும் போட்டுக் குடுத்தன். இவர் ஒரு வாய் வைச்சுப்போட்டு, வழக்கமான பாட்டைப் பாடினார்: “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.” டொக்ரரைக் கேளுங்கோ எண்டன், நானும் வழக்கமான பாட்டைப் பாடி. சோத்தைப் பிசைஞ்சபடி கேட்டார், “அந்த அடுப்படி மனுசி ஒரு கையால மீனைப் பிடிச்சிருக்கிறா எண்டீர். மற்றக் கையில என்ன?”

எனக்குத் தெரியேல்லை. போனில தேடினார். அந்த மூலை இருட்டு, பெரிசாக்கக் கட்டம் கட்டமா உடையுது. எங்கட கூடத்துக் கடையில விக்கிற பட அட்டையை வாங்கிக்கொண்டு வந்தன். அதில மீனை மட்டும் வெட்டிப் போட்டிருக்கினம். அடுத்த நாள் சனத்துக்கு நடுவில சட்டெண்டு திரும்பி ஒரு வெட்டுப் பாத்தன். கை பொத்தியிருக்கு. வீட்டை வந்து, துணி எண்டன். “துணியை அப்பிடி உயத்திப் பிடிக்கமாட்டினம்” எண்டார். மற்ற நாள் உள்ளிப் பல்லு எண்டன். “உள்ளிப் பல்லை ஆர் பொத்துறது?” பிரேக்குக்கு விட்டால் நான் காலை நீட்டி இருக்க ஓடுவனோ, கையைப் பாக்க ஓடுவனோ? இவருக்குக் கோவம் வந்திட்டுது: “படத்துக்குக் காவல் நிக்கிறீர், படத்தில என்ன கிடக்கு எண்டு தெரியாது. நல்ல காவல்!”

எனக்கும் பத்திக்கொண்டு வந்தது. “அவ்வளவு அக்கறையெண்டால் எழும்பி வந்து பாருங்கோவன்! நாளையிண்டைக்குப் பெட்டியில போட்டு ஆணி அடிக்கப்போறாங்கள். எத்தினை நாளாக் கெஞ்சுறன்? நான் வேலைக்குப் போறதோ, நீங்கள் இஞ்ச இருந்து என்ன செய்யிறியளோ எண்டு நினைச்சு நினைச்சுச் சாகிறதோ?” எண்டு கத்திப்போட்டன். இவர் கத்தேல்லை. சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சுப்போட்டு மெல்லமாச் சொன்னார்: “அங்க தெரிஞ்ச ஆக்கள் வருவினம் எல்லே.”

 குசினிக்குள்ள போய்ச் சட்டியைத் தேய்ச்சன். நேர்த்தி பலிக்காது எண்டு விளங்கிட்டுது.

கடைசி நாள்

ஞாயிற்றுக்கிழமை. நான் வெளிக்கிடேக்க இவர் படுக்கையில. ரிக்கற் ஃபிரிட்ஜ் கதவிலயே கிடந்தது. எடுத்துக் கிழிப்பம் எண்டு கையை நீட்டினன். பேந்து விட்டிட்டன்.

கடைசி நாளெண்டால் சொல்லவேணுமே, தேர்த் திருவிழாக் கூட்டம். மத்தியானம் திரும்பி, சனம் கொஞ்சம் வடியிற நேரம், நசீம் தன்ர கூடத்து வாசலில நிண்டு எனக்குக் கையைக் காட்டினார். “அக்கா, ரக் கொம்பனி ஜக்கெற் போட்ட ஒரு ஆள் ராசாவோட முறைச்சுக்கொண்டு நிக்கிறார். உங்கட போனில காட்டின ஆள் மாதிரிக் கிடக்கு” எண்டார். எனக்கு நெஞ்சு அடிச்ச அடியில, ஒப்பரேசன் எனக்குத்தான் தேவைப்படும்போல இருந்தது. ஆனால் ஓட ஏலாது, டியூட்டி. நிண்ட இடத்திலயே நிண்டன்.

இவர்தான். ஷேவ் எடுத்து, தலை இழுத்து, ரிக்கற்றைக் கையில பிடிச்சபடி உள்ள வந்தார். என்னைக் கண்டும் காணாத மாதிரி நேரா அடுப்படி மனுசியிட்டைப் போனார். கல்முனைக்காரர் குனிஞ்ச மாதிரியே குனிஞ்சார். மூக்கு இன்னும் கொஞ்சம் போனால் அலாம் கத்தும். வேற வழி? எல்லாருக்கும் சொல்லுற மாதிரி, யூனிபோம் குரலிலயே சொன்னன்: “சேர், ப்ளீஸ், வன் ஸ்ரெப் பாக்.”

திரும்பி என்னைப் பாத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சொறி, மிஸ்” எண்டு ஒரு அடி பின்னுக்கு வைச்சார். வடிவா நெடுநேரம் பாத்தார். பேந்து வந்து எனக்குப் பக்கத்தில, என்னைப்போலவே கையைப் பின்னால கட்டி, சனத்தைப் பாத்தபடி நிண்டார்.

“பாத்தாச்சோ?” எண்டன், உதடு அசையாமல்.

“பாத்தன்.”

“கையில என்ன?”

“நீர்தான் சொல்லவேணும்.”

“எனக்குத் திரும்பேலாதப்பா.”

“நான் சனத்தைப் பாக்கிறன்” எண்டார். “நீர் ஒருக்காத் திரும்பிப் படத்தைப் பாரும்.”

அங்கால வாசலில கிளாரா நிண்டதைக் கண்டன். எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. பேந்து மற்றப் பக்கம் திரும்பி, சுவரில ஒண்டுமில்லாத இடத்தை வலு கவனமாப் பாக்கத் துவங்கினா.

நான் திரும்பினன். அந்த மனுசிக்கு என்ர வயசுதான் இருக்கும். கைச் சட்டையை முழங்கை மட்டும் மடிச்சு விட்டிருக்கிறா. கண்ணுக்குக் கீழ களைப்பு. என்ன மீன் எண்டு எனக்கு இப்பவும் தெரியாது. மற்றக் கையை மீனுக்கு மேல உயத்திப் பொத்திப் பிடிச்சிருக்கிறா. சின்ன விரலுக்குக் கீழ, இருட்டுக்குள்ள, வெள்ளையா ரெண்டு மூண்டு பொட்டு விழுந்துகொண்டிருக்கு. உப்பு! இவ்வளவு காலமும் என்ர முதுகுக்குப் பின்னால ஒருத்தி ஆருக்கோ சமைக்க உப்புக் கையோட நிண்டிருக்கிறா, ஒவ்வொரு பின்னேரமும் குசினியில நிக்கிற எனக்கு அது தெரியேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. வடிவாத்தான் அழுதன், யூனிபோமோட.

அப்பத்தான் பின்னால அந்தக் குரல் கேட்டது. ரொறன்ரோவில எங்கட ஆக்கள் இல்லாத இடம் எங்க இருக்கு? பிறம்ரன் ரக் யாட்டில இவரோட வேலை செய்த பெடியன் ஒருத்தன். “அட, சிவமண்ணை! கன நாளாக் காணேல்லை! இப்ப என்ன செய்யிறியள்?”

 அதே கேள்வி. திரும்பிப் பாக்கப் பயத்தில அந்த மனுசியின்ர உப்புக் கையையே பாத்துக்கொண்டு நிண்டன்.  இனி இவர் ஜக்கெற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீட்டை ஓடிவிடுவார், முடிஞ்சுது கதை எண்டு நினைக்கிறன், இவர் தொண்டையைச் செருமினார்.

“இப்பவோ? மனுசியின்ர டியூட்டியைப் பாக்கிறன். நீர் ஒரு அடி பின்னுக்கு நில்லும் தம்பி, அலாம் அடிக்கும்.”

அண்டையில இருந்து இவர் விடிய நடக்கப் போறார், பிளாசாவுக்கும் தனியப் போய்க் கத்தரிக்காயோட திரும்பி வாறார், ஆனால் ஸ்பெயின்காரரே எழும்பி வந்து சொன்னாலும் எங்கட வீட்டுச் சொதிக்கு உப்பு டொக்ரர் சொன்ன அளவுதான்.